கண்டிச் சீமையின் ஒன்பது பந்துகள்

கண்டி இராச்சியத்தின் வரலாற்றை ஆராயப் புகும் எவரும் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரின் நூலைத் தவிர்த்துச் செல்ல முடியாது. 1660 இல் கொட்டியாரக் குடாவிலே தம் தந்தையோடும் கப்பல் மாந்தரோடும் சிறைப்பிடிக்கப்பட்ட நொக்ஸ், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இரண்டாம் இராசசிங்கனின் நாட்டிலே வாழ்ந்தார். அவரை எவரும் இருட்டறையில் அடைக்கவில்லை. சுற்றியிருந்த மலைகளே சிறைச்சுவராயின. ஊர் ஊராக மாற்றப்பட்டு, ஈற்றில் கண்டிக்கு அணித்தான எலதெத்த என்னும் சிற்றூரிலே வீடும் தோட்டமும் அமைத்து, தொப்பி பின்னி விற்றும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் காலங்கழித்தார். 1679 இல் தப்பிச் சென்று, 1681 இல் இலண்டனிலே தம் நூலை வெளியிட்டார். மன்னனின் குணம், குடிகளின் கடமை, வயல் முறை, நீதி முறை, சாதி அடுக்கு ஆகிய அனைத்தையும் அந்நூல் விரித்துரைக்கின்றது.

சாதிகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திக்கொண்டு வந்து கடைசிப் படியை அடையுமிடத்தில், நொக்ஸ் ஒரு காட்சியைச் சில வரிகளில் சொல்லிச் செல்கின்றார். ஊர் ஊராகச் சென்று இரந்துண்ணும் ஒரு கூட்டத்தார். அவர்களுடைய பெண்கள் ஆடுகின்றனர். பித்தளைத் தட்டொன்றை விரல் நுனியில் நிறுத்திச் சுழற்றுகின்றனர். பிறகு பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக மேலே எறிகின்றனர். பந்துகளின் தொகை ஒன்பது. அவற்றுள் ஏழு எப்பொழுதும் வானிலே நிற்கின்றன. விழுவதை ஏந்திப் பிடித்து மீண்டும் எறிகின்றனர். பல நிற மணிகளை வாயிலிட்டு, நிறம் நிறமாகப் பிரித்து வெளியே எடுத்துக் காட்டுகின்றனர். இவற்றால்தான் அவர்கள் வயிறு வளர்க்கின்றனர் என்று சொல்லி நொக்ஸ் அடுத்த விடயத்துக்குச் சென்றுவிடுகின்றார்.

அரசியல் வரலாற்றுக்கு இவ்வரிகளால் பயனில்லை. உழைக்கும் கைகளின் வரலாற்றுக்கோ இவை அரும்பொருள். இன்று உலகின் பல நாடுகளிலே, பந்துகளை நிலத்தில் விழவிடாது யார் நெடுநேரம் எறிந்து பிடிக்கின்றார் என்று போட்டி வைக்கின்றனர். மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நேரத்தை அளக்கின்றனர். சாதனைகளைப் பதிவு செய்கின்றனர். அப்போட்டிகளின் நெடிய முன்வரலாற்றிலே கண்டிச் சீமைக்கும் தமிழ் மரபுக்கும் உரிய இடம் யாது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதைக் காணும்போது வேறொரு வினாவும் உடன் எழுகின்றது. கை ஓயும் வரை எறிகின்றவர், எப்போது நிறுத்துவது என்பதைத் தாமே தீர்மானிக்கின்றாரா, அன்றி அவருக்காக வேறொருவர் தீர்மானிக்கின்றாரா?

முதலில் நொக்ஸ் சொல்வது நம்பத்தக்கதா என்று பார்ப்போம். கண்டதை மிகைப்படுத்திக் கூறும் பயணிகள் பலர். ஆனால் இங்கே கணக்கு ஒன்று சாட்சியாக நிற்கின்றது. அமெரிக்கக் கணித அறிஞர் குளோட் ஷானன், செய்தித் தொடர்பின் கணிதக் கொள்கையை வகுத்தவர். பந்தெறி வித்தையில் பேரார்வம் கொண்ட அவர், 1980 ஆம் ஆண்டையொட்டி அவ்வித்தைக்கும் ஒரு சூத்திரம் கண்டார். பந்து வானில் நிற்கும் நேரம், கையில் தங்கும் நேரம், கை வெறுமையாயிருக்கும் நேரம், கைகளின் தொகை, பந்துகளின் தொகை ஆகிய ஐந்தையும் அச்சூத்திரம் பிணைக்கின்றது. கைகள் இரண்டும் ஒரு கணமும் வெறுமையாக இராவிடில், கையொன்றுக்கு ஒரு பந்தாக இரண்டு பந்துகள் எப்பொழுதும் கையில் இருக்கும். ஏனையவை வானில் இருக்கும். ஒன்பதில் இரண்டு போனால் ஏழு. நொக்ஸ் கூறிய தொகையும் இதுவே. ஷானனுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, எலதெத்தவில் தொப்பி பின்னிக்கொண்டிருந்த ஒரு கைதி கற்பனையாக இட்டுக்கட்டக்கூடிய எண்ணன்று இது. அவர் நின்று பார்த்திருக்கின்றார், எண்ணியுமிருக்கின்றார்.

இவ்வித்தையின் கடுமையை உணர மேலும் சிறிது கணக்குப் பார்க்கலாம். ஒவ்வொரு கையும் ஒரு செக்கனில் இரண்டரை முறை எறிவதாகக் கொள்வோம். அவ்வாறாயின் ஒரு பந்து ஒரு கையிலிருந்து புறப்பட்டு, ஏந்தப்பட்டு, மீண்டும் எறியப்படுவதற்கு 1.8 செக்கன் கிடைக்கும். அதில் 0.4 செக்கன் கையில் கழியும்; 1.4 செக்கன் வானில் கழியும். 1.4 செக்கன் வானில் நிற்க வேண்டுமானால், பந்து கைக்கு மேலே ஏறத்தாழ 2.4 மீற்றர், அதாவது எட்டடி, உயர வேண்டும். நிமிடமொன்றுக்கு முந்நூறு எறிகள். ஒவ்வொன்றும் ஒரே உயரத்துக்குச் செல்ல வேண்டும். ஒன்றோடொன்று மோதவும் கூடாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்ற இத்தாலிய வித்தைக்காரர் என்ரிக்கோ ரஸ்தெல்லி பத்துப் பந்துகளை எறிந்ததை உலகம் இன்றும் வியந்து பேசுகின்றது. 1896 இல் பிறந்து 1931 இல் மறைந்த அவருக்குப் பெரிய அரங்குகளும் விளம்பரங்களும் இருந்தன. அவருக்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பு, மலைநாட்டு முற்றங்களிலே, ஒரு பிடி அரிசிக்காக ஒன்பது பந்து எறிந்த பெண்களின் பெயர்களை நொக்ஸ் கேட்டு எழுதவில்லை.

அப்பெண்கள் யார்? ஊரார் அவர்களை ‘ரொடி’ என்று அழைத்தனர். அழுக்கு என்னும் கருத்தை உள்ளடக்கிய அச்சொல்லே ஒரு வசை. அவர்கள் கிணற்றில் நீர் மொள்ளலாகாது. ஆற்று நீரே அவர்களுக்குரியது. பிற சாதியார் எவரைக் கண்டாலும் அரசர்க்குரிய பட்டங்களைச் சொல்லி விளிக்க வேண்டும். பெண்கள் மேலாடை அணியலாகாது. ஊரார்க்குரிய அமைப்பில் வீடு கட்டலாகாது. நிலமில்லை, ஆனால் அரசனுக்குச் செய்யவேண்டிய கடமை மட்டும் இருந்தது. யானை பிடிப்பதற்கும் கட்டுவதற்கும் வேண்டிய தோற்கயிறுகளை அவர்களே முறுக்கிக் கொடுத்தனர்.

அக்கூட்டத்தைப் பற்றி நொக்ஸ் எழுதியவற்றுள் மிகக் கொடியது வேறொன்று. மன்னன் உயர்குடிப் பிரபு ஒருவனைத் தண்டிக்க எண்ணினால், அவனைக் கொன்றபின் அவனுடைய மனைவியையும் மகளிரையும் இவ்விரவலர் கையில் ஒப்புவித்துவிடுவதுண்டாம். மரணத்திலும் பெரிய தண்டனையாக அது கருதப்பட்டது. நேற்று வரை வளவிலே பணிப்பெண்கள் சூழ வாழ்ந்தவள், இன்று அதே வளவின் முற்றத்திலே ஏனம் ஏந்தி நிற்க வேண்டிய நிலை. ஒரு சமூகத்தையே தண்டனைக் கூடமாக ஆக்கி வைத்த நிலமானிய அமைப்பு அது. அந்தத் தண்டனைக் கூடத்திலேதான் ஒன்பது பந்து வித்தை வாழ்ந்தது. நிலம் மறுக்கப்பட்டது, ஆடை மறுக்கப்பட்டது, கிணறு மறுக்கப்பட்டது. மறுக்க முடியாத உடைமையாக எஞ்சியவை இரண்டு கைகள். அக்கைகளை அவர்கள் எத்துணை உயரத்துக்குப் பழக்கினர் என்பதற்கு நொக்ஸின் எண்ணிக்கை சான்று.

போட்டி என்ற அம்சம் இவ்வித்தையில் எப்போது புகுந்தது? இதற்கு விடை காணத் தமிழிலக்கியத்தின் பக்கம் திரும்ப வேண்டும். சங்க காலத்து மகளிர் கழங்காடினர். பிற்காலத்தே அம்மானை ஆடினர். காய்களை மேலெறிந்து பிடித்துக்கொண்டே பாடும் அவ்விளையாட்டு, ஒரு செய்யுள் வகைக்கும் பெயராயிற்று. பெண்பாற் பிள்ளைத்தமிழில் ஒரு பருவமும் ஆயிற்று. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி என்பன அடுத்தடுத்து வருகின்றன. கண்ணகி பத்தினித் தெய்வமான பின்பு அவள் புகழ் பாடும் இடத்திலேதான் இளங்கோ பந்தையும் அம்மானையையும் கொண்டுவந்து வைக்கின்றார் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அதே பத்தினித் தெய்வத்துக்குக் கண்டி நகரிலே தேவாலயம் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

அம்மானை விளையாட்டு, அதில் வெற்றி தோல்வி பெரிதன்று. உண்மையான போட்டியைக் காட்டுவது கொங்குவேளிரின் பெருங்கதை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1924 இல் பதிப்பித்த அக்காப்பியத்தின் வத்தவ காண்டத்திலே, பந்தடி கண்டது என்றொரு பகுதி உள்ளது. உதயணனின் தேவியரான வாசவதத்தை, பதுமாபதி ஆகிய இருவரின் ஆயமகளிர் களத்திலே இறங்குகின்றனர். ஒருத்தி பந்தடித்து ஓய்ந்ததும் அடுத்தவள் வருகின்றாள். ஒவ்வொருத்தியும் தனக்கு முன் ஆடியவளின் எண்ணிக்கையை மிஞ்ச வேண்டும். எண்ணிக்கையோ ஆயிரக்கணக்கில் ஏறுகின்றது. இது எறிந்து பிடித்தலன்று, அடித்தெழுப்புதல் என்று ஒருவர் சொல்லலாம். ஆயினும் பந்தைத் தவறவிடாது யார் நெடிது நிற்கின்றார் என்பதே அங்கும் வழக்கு. எண்ணுபவர் உளர், பார்ப்பவர் உளர், கட்சிகள் இரண்டு உள. நெடுநேர வித்தைப் போட்டியின் உறுப்புகள் யாவும் அங்கே நிறைந்துள்ளன.

ஈற்றில் எல்லாரையும் வென்று நிற்பவள் மானனீகை. அவள் யார்? கோசல மன்னனின் மகள். போரிலே ஆருணி மன்னனால் சிறைபிடிக்கப்பட்டு, பின் உதயணன் ஆருணியை வென்றபோது கொள்ளைப் பொருளோடு பொருளாகக் கைமாறி, வாசவதத்தையின் அந்தப்புரத்திலே ஏவல் மகளாக இருப்பவள். அவளுடைய வெற்றிக்குக் கிடைத்த பரிசு, மறைந்து நின்று பார்த்த மன்னனின் வேட்கை. அதைத் தொடர்ந்து வந்தது அரசியின் சினம். நொக்ஸ் காட்டும் கண்டி முற்றத்தையும் கொங்குவேளிர் காட்டும் கோசம்பிக் களத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிடத்தும் உயர்குடியிலிருந்து வீழ்த்தப்பட்ட பெண் நிற்கின்றாள். இரண்டிடத்தும் அவள் கையை ஓயவிடலாகாது. புலவர் அவளது எண்ணிக்கையை வியந்து பாடுகின்றார். ஆனால் அவள் எவருக்காக ஆடினாள், ஆட மறுக்கும் உரிமை அவளுக்கு இருந்ததா என்ற வினாக்கள் காப்பியத்துக்கு வெளியே நிற்கின்றன.

இனிக் கண்டிக்கு மீள்வோம். வறுமையிலிருந்து பிறந்த பந்தெறி வித்தையை அடுத்து, கடமையிலிருந்து பிறந்த இன்னொரு வித்தை அங்கே உண்டு. ஆண்டுதோறும் எசல மாதத்தில் நிகழும் பெரஹராவில், பித்தளை வளையமொன்றிலே சிறு தாளங்கள் கோத்த ‘பந்தேரு’ என்னும் கருவியைக் கையிலேந்தி வரிசையாக ஆடவர் வருவர். வளையத்தை அடித்து ஒலியெழுப்புவர்; மேலே எறிவர்; சுழன்று ஏந்துவர்; தாளம் பிசகாது. போர் வெற்றியைக் கொண்டாட மன்னர்கள் இவ்வாட்டத்தை ஆடுவித்தனர் என்பது மரபு. பந்தேரு பத்தினித் தெய்வத்துக்கு உரிய கருவி என்பதும் மரபே. இளங்கோ அம்மானையையும் பந்தையும் யார் புகழுக்கு இசைத்தாரோ, அவள் பெயராலேயே கண்டியில் வளையம் வானேறுகின்றது. றபான் என்னும் கைப்பறையை விரல் நுனியிலும் கோல் நுனியிலும் சுழற்றி எறிந்து ஏந்துவோரும் ஊர்வலத்தில் உண்டு.

இங்கே எறிபவரின் ஆற்றலைச் சோதிப்பது எண்ணிக்கையன்று, இரவுகளின் நீளம். கும்பல் பெரஹரா ஐந்து இரவுகள். அதைத் தொடர்ந்து ரந்தோலி பெரஹரா ஐந்து இரவுகள். பின்னர்க் கெட்டம்பேயில் மகாவலி ஆற்றிலே நீர் வெட்டும் சடங்கு. அதன்பின் பகற் பெரஹரா. முதலில் நாதர், விஷ்ணு, கதிர்காமத் தெய்வம், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் விழாவாக இருந்த இதிலே, மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி சிறீ இராசசிங்கனின் காலத்தில் தலதாவும் சேர்ந்து முதலிடம் பெற்றது. வேட்டுச் சத்தத்துக்கும் யானைக் கூட்டத்துக்கும் நடுவே, தீப்பந்த வெக்கையிலே, மணிக்கணக்காக ஆடிக்கொண்டே நடக்கும் ஆட்டக்காரன் இடையில் தளர்ந்தால் வரிசை குலையும்.

அவனை அங்கே நிறுத்தியது பக்தி மட்டுமன்று. நிலமும் நிறுத்தியது. கண்டி நாட்டின் நிலமானிய முறைப்படி, கோயில் நிலத்திலே ‘பங்கு’ பெற்றவன் அப்பங்குக்கு ஈடாகக் கடமை செய்ய வேண்டும். ஒருவனுக்குப் பறை, ஒருவனுக்குத் தீப்பந்தம், ஒருவனுக்கு ஆட்டம். தந்தையின் வயலைப் பெறும் மகன், தந்தையின் ஆட்டத்தையும் பெற்றுக்கொள்கின்றான். ஆட்டம் நின்றால் வயல் போகும். இன்றைய மொழியிற் சொன்னால், ஒவ்வொரு எறியும் குத்தகைப் பணத்தின் ஒரு தவணை. ஆட்டக்காரரிலும் பறையறைவோரிலும் பெரும்பாலோர் பெரவா சாதியினர். தெய்வத்துக்கு முன்னால் நடக்கும் உரிமை பெற்ற அவர்கள், ஊருக்குள்ளே தாழ்ந்தோராகவே வைக்கப்பட்டனர்.

பிரித்தானியர் 1815 இல் கண்டியைக் கைப்பற்றினர். கோல்புறூக் ஆணைக்குழுவின் விசாரணையை அடுத்து, 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. வரலாற்று நூல்களில் இது பெரிய விடுதலையாக எழுதப்படுகின்றது. ஆனால் கோயில் நிலங்களின் கடமை அவ்வொழிப்பில் அடங்கவில்லை. 1870 ஆம் ஆண்டின் சேவைக் குடியுரிமைச் சட்டம், கடமைக்குப் பதிலாகப் பணம் செலுத்தும் வழியைத் திறந்தது. விரும்பியவன் பணங்கட்டி ஆட்டத்திலிருந்து விடுபடலாம். விடுபடாது நின்றவர்களே நித்தவெல, அமுனுகம, தித்தபஜ்ஜல போன்ற ஊர்களின் ஆட்டப் பரம்பரைகளை இருபதாம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். பின்னர் அவ்வாட்டம் பள்ளிகளுக்கும் மேடைகளுக்கும் சென்று, நாட்டின் தேசியக் கலையென்று போற்றப்பட்டது. தேசியப் பெருமை ஆட்டத்துக்குக் கிடைத்த அளவுக்கு, ஆடிய சாதிக்குச் சமமதிப்புக் கிடைத்ததா என்பதை அவ்வூர்களிலே போய்க் கேட்க வேண்டும்.

இராசகாரியத்தின் ஒழிப்புக்கு வேறொரு முகமும் உண்டு. கட்டாய உழைப்பை விடுவித்தால், கூலியுழைப்பு மலிவாகக் கிடைக்கும் என்பது அன்றைய ஆட்சியாளரின் எதிர்பார்ப்பு. 1824 இல் கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கியிருந்தார். அதைப் பின்பற்றிக் காடுகள் அழிந்து தோட்டங்கள் பெருகின. தம் வயலை விட்டுத் தோட்டத்திலே குடியேறிக் கூலிக்கு உழைக்கக் கண்டிக் குடியானவர் விரும்பவில்லை. ஆகவே தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமார் வழியாகக் கைகள் கொண்டுவரப்பட்டன. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கொந்துரவிலே பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பி நோயால் மடிந்தபின் மலைகள் முழுவதும் தேயிலையாயின.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் கைகளைக் கூர்ந்து பார்த்தவர்க்கு, பந்தெறி வித்தைக்காரியின் கைகள் நினைவுக்கு வாராதிரா. இரண்டு கைகளும் தனித்தனியே விரைந்து இயங்குகின்றன. இரண்டிலையும் ஒரு மொட்டும் கிள்ளுகின்றன. கைப்பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னே எறிகின்றன. கூடையைத் திரும்பிப் பாராமலே கொழுந்து கூடையில் விழுகின்றது. பெரஹராவின் பத்திரவு இங்கே ஆண்டு முழுவதும் நீள்கின்றது. தோட்டத்திலே நாட்கூலியைப் ‘பேர்’ என்பர். தராசிலே நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. ஒரு முழு நாளின் உழைப்பு, தராசுக்காரன் சொல்லும் ஓரெண்ணால் பாதியாகிவிடுகின்றது. அண்மை ஆண்டுகளிலே சில தோட்டக் கம்பனிகள் கொழுந்து பறிக்கும் போட்டிகளையும் நடத்தியுள்ளன. வென்ற பெண்ணுக்கு மாலையும் பரிசும் உண்டு. படமும் பத்திரிகையில் வருகின்றது. மறுநாட் காலையில் அவளும் ஏனையோரைப் போலவே பிரட்டுக்குப் போய் நிற்கின்றாள்.

தமிழ்நாட்டுக் கூலிகள் கண்டி மலைகளை நோக்கி நடந்த அந்த நூற்றாண்டிலேயே, அதே மண்ணிலிருந்து சில வித்தைக்காரர்கள் எதிர்த் திசையிலே கப்பலேறினர். 1813 இல் இலண்டன் பால் மால் வீதியில் இந்திய வித்தைக்காரர் குழுவொன்று காட்சி நடத்திற்று. அவ்வலையிலே புகழ்பெற்றவர், ஆங்கிலேயர் ‘ராமோ சாமி’ என்று திரித்து வழங்கிய இராமசாமி. சென்னைப் பக்கத்தவர் என்று கருதப்படும் அவர், பித்தளைப் பந்துகளை எறிந்தார்; வாளை விழுங்கினார்; வாய்க்குள்ளே மணிகளை நூலிற் கோத்து எடுத்தார். வாயிலிட்ட மணிகளை நிறம் பிரித்து எடுத்த கண்டிப் பெண்களின் வித்தைக்கும் இதற்கும் உள்ள உறவை விளக்கவும் வேண்டுமோ? கடலின் இரு கரையிலும் ஏழை வித்தைக்காரர் ஒரே மரபின் கிளைகளாகவே வாழ்ந்துள்ளனர்.

ஆங்கிலக் கட்டுரையாளர் வில்லியம் ஹஸ்லிற், இந்திய வித்தைக்காரர் நான்கு பித்தளைப் பந்துகளை எறிந்ததைக் கண்டு 1821 இல் நூலாக வந்த தம் கட்டுரைகளுள் ஒன்றிலே வியந்து எழுதினார். அவ்வித்தைக்காரர் இராமசாமியே என்று கொள்வோர் பலர். வாழ்நாள் முழுவதும் முயன்றாலும் தம்மால் இதைச் செய்ய முடியாதென்றும், இதன் முன்னே தம் எழுத்தின் குறைகளை எண்ணி நாணுவதாகவும் ஹஸ்லிற் சொல்கின்றார். ஆயினும் கட்டுரை வளர வளர அவர் தராசு சாய்கின்றது. கைத்திறன் முழுமை பெறக்கூடியது, ஆனால் எல்லைக்குட்பட்டது. பெருமை அறிவின் படைப்புக்கே உரியது என்ற முடிவை நோக்கிச் செல்கின்றார். கையை ஒரு புறமும் அறிவை மறுபுறமும் பிரித்து வைக்கும் இந்தப் பிரிவினையை நாம் நன்கறிவோம். நம் நாட்டிலே அதற்குச் சாதி என்று பெயர்; அவர் நாட்டிலே வர்க்கம். ஒன்பது பந்துகளின் உயரத்தையும் நேரத்தையும் கணப்பொழுதில் கணித்து எறியும் கையிலே அறிவில்லையென்று எவ்வாறு சொல்வது? ஷானன் தாளில் எழுதிய சூத்திரத்தை அக்கைகள் முன்பே செய்து காட்டிவிட்டன.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அரங்குகளை நிறைத்த இராமசாமி, 1850 இல் இலண்டனில் வறுமையிலே மாண்டார். அடக்கம் செய்யவும் பணமின்றி, அவருடைய மனைவி பத்திரிகை வாயிலாக உதவி வேண்டினார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலே, கண்டி ஆட்டக்காரர்களையும் யானைகளையும் ஜேர்மனிய வணிகர் ஹாகன்பெக் ஐரோப்பிய நகரங்களுக்குக் கொண்டுசென்று வேலிக்குள்ளே காட்சிப்படுத்தினார். நூற்றாண்டின் திருப்பத்திலே, மேலாடை மறுக்கப்பட்ட ரொடிப் பெண்களின் படங்கள் அஞ்சலட்டைகளாக அச்சிடப்பட்டுக் கப்பற் பயணிகளுக்கு விற்கப்பட்டன. கண்டி மன்னன் விதித்த இழிவை வெள்ளையன் விலைபோட்டு விற்றான். அப்படங்களில் சிலவற்றிலே பெண்ணின் விரல் நுனியில் பித்தளைத் தட்டுச் சுழல்வதைக் காணலாம். வாங்கியவன் தட்டைப் பார்த்திருக்கமாட்டான்.

இந்தப் பின்னணியிலே இன்றைய போட்டிகளை நோக்குவோம். 1947 இல் அமெரிக்காவிலே பன்னாட்டுப் பந்தெறி வித்தைக்காரர் சங்கம் நிறுவப்பட்டது. ஆண்டுதோறும் கூடும் மாநாடுகளிலே, ஐந்து பந்து, ஏழு பந்து என்று வகை பிரித்து, யார் கடைசி வரை நிற்கின்றார் என்று பார்க்கின்றனர். எறிந்துகொண்டே நெடுந்தூரம் ஓடும் போட்டியும் உண்டு. 2009 இல் டேவிட் ஸ்லிக் என்ற அமெரிக்கர் மூன்று பந்துகளை 12 மணி 5 நிமிடம் நிலத்தில் விழவிடாது எறிந்து உலக சாதனை நாட்டினார். பன்னிரண்டு மணி நேரம்! காலைப் பிரட்டிலிருந்து மாலைத் தராசு வரை உள்ள நேரத்திலும் நீண்டது.

இதை வீண்விளையாட்டென்று ஒதுக்குவது நம் நோக்கமன்று. நேர்மாறாக, இதிலே மனித வரலாற்றின் ஒரு முன்னேற்றத்தைக் காண வேண்டும். களைத்தால் பந்தைக் கீழே விடலாம். விட்டால் பசி வராது, வயல் போகாது, பேர் அரைப்பேராகாது. எண்ணுபவர் எறிபவரின் நண்பர். சாதனை எறிபவரின் பெயரிலேயே பதிவாகின்றது. மானனீகைக்கும், கண்டி முற்றத்துப் பெண்ணுக்கும், இராமசாமிக்கும் கிட்டாத உரிமை இது. நிறுத்தும் உரிமை உள்ளவன் காட்டும் பொறுமையே பெருமைக்குரியது. அவ்வுரிமை இல்லாதவளிடம் பெறப்படும் பொறுமையைப் புகழ்வது, சுரண்டலுக்கு மாலை சூட்டுவதாகவே முடியும்.

எங்கள் நாட்டிலே 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் மானிடவியலாளர் எம். டி. இராகவன் ரொடி மக்களைப் பற்றிய தமது நூலைக் கொழும்பில் வெளியிட்டார். சட்டம் வந்தது, நூலும் வந்தது. அம்மக்களின் பிள்ளைகளோ தம் குலப்பெயரை மறைத்துக்கொண்டு பள்ளிக்குச் செல்லும் நிலை அதன் பின்னும் நீடித்தது. இழிவைத் துறப்பதற்காகக் கலையையும் துறந்தனர். பந்தையும் தட்டையும் கையில் எடுப்பதே குலத்தைக் காட்டிக்கொடுக்கும் செயலாயிற்று. இதற்காக அவர்களைக் குறைகூற எவர்க்கும் தகுதியில்லை. பிச்சையோடு பிணைத்து வைக்கப்பட்ட கலை, பிச்சை ஒழியும்போது உடன் ஒழிவது இயல்பே. ஒழிந்ததற்குப் பொறுப்பு அதைப் பிச்சையோடு பிணைத்தவர்களைச் சாரும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. கண்டி வரலாற்றைக் கற்பிக்கும்போது 1815 இன் உடன்படிக்கையையும் மன்னர் வரிசையையும் சொல்கின்றோம். அவற்றோடு, இரண்டாம் இராசசிங்கன் காலத்திலே இந்நாட்டின் மிகத் தாழ்த்தப்பட்ட பெண்கள் ஒன்பது பந்துகளை எறிந்தனர், ஏழு எப்பொழுதும் வானில் நின்றன என்பதையும் சொல்வோம். கணித வகுப்பிலே அவ்வெண்களைக் கொடுத்து, பந்து எத்தனை அடி உயர்ந்திருக்கும் என்று கணிக்கச் சொல்வோம். தமிழ் வகுப்பிலே பந்தடி கண்ட பகுதியைப் படிக்கும்போது, வென்றவள் சிறைப்பட்டவள் என்பதைச் சுட்டிக்காட்டுவோம். விளையாட்டு முற்றத்திலே பிள்ளைகளின் கைகளில் பந்துகளைக் கொடுப்போம். எந்தக் குலத்துப் பிள்ளையும் எறியலாம், களைத்தால் நிறுத்தலாம்.

கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே இன்றும் கைகள் மாலைத் தராசை நோக்கி விரைந்துகொண்டிருக்கின்றன. அக்கைகளுக்குரியவர்கள் தம் நாளின் அளவைத் தாமே வகுக்கும் காலம் வரும்வரை, உழைக்கும் மக்களின் பக்கம் நிற்போர் தராசின் எண்ணை ஐயுற்று நோக்கியே ஆகவேண்டும்.